டிக்கெட் காசில் நடந்த விஷக்கூடம்

பில் ஹாஸ்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணோடு சேர்த்துத்தான் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 172. வாழ்நாளில் விஷப் பாம்புகள் அவரைக் கடித்த தடவைகள் அத்தனை. 173 என்று சொல்பவர்களும் உண்டு. அவ்வளவு கடியும் பட்டு, நூறு வயது வாழ்ந்து, 2011 ஜூன் 15 அன்று புளோரிடாவில் இயற்கையாக இறந்துபோனார். "ரத்தத்திலேயே விஷமுறிவு வைத்திருந்த மனிதர்" என்று ஒரு வரி சேர்த்தால் அவருடைய கதை முடிந்துவிடும் என்றுதான் பல துணுக்குகளும் அவரைப் பற்றி எழுதுகின்றன.

எனக்கு அந்த எண் அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அவருடைய தொழில் ஓடிய விதம்தான் கவனிக்க வேண்டியது. காரில் போகிறவர்களை நிறுத்திக் காசு வாங்கும் ஒரு வேடிக்கைக் கூடம், ஆய்வுக்கூடங்களுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் பாம்பு விஷம் அனுப்பும் இடமாக எப்படி ஆனது? வேடிக்கையும் விஷமும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின, எங்கே இடித்துக்கொண்டன? இந்தக் கதையின் ஒரு கிளை சென்னைக்கும் வருகிறது.

சாலையோரப் பிழைப்பு

1920களில் அமெரிக்காவில் கார் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது. குளிர்காலம் வந்தால் வடக்கு மாநிலங்களிலிருந்து வெயிலைத் தேடிப் புளோரிடாவுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். சில நாள் பயணம். பெட்ரோல் போட, சாப்பிட, பிள்ளைகள் இறங்கி ஓட எங்காவது வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த நிறுத்தத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் சாலையோரமெங்கும் கடை விரித்தார்கள். அலிகேட்டர் குட்டை, கிளி வித்தை, ஆரஞ்சுப் பழக் கடை, பாம்புக் கூண்டு என்று வகைவகையாக.

இவற்றில் பாம்புக்கு ஒரு தனி வசதி உண்டு. முதலீடு குறைவு. பக்கத்துக் காட்டில் பிடித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு எலி போட்டால் போதும், சில வகைகளுக்கு அதுகூட வேண்டாம். சிங்கம், கரடி என்றால் தீனிக்கே சொத்து கரைந்துவிடும். ஆனால் பயத்தைப் பார்க்கக் காசு கொடுப்பவர்களுக்குச் சிங்கமும் ஒன்றுதான், கிலுகிலுப்பைப் பாம்பும் ஒன்றுதான்.

இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல. தம்பா நகரத்துக்குப் பக்கத்தில் ஜார்ஜ் எண்ட் என்பவர் கிலுகிலுப்பைப் பாம்பின் இறைச்சியை டின்னில் அடைத்து விற்றார். தோல், இறைச்சி, விஷம் என்று எதையும் வீணாக்கவில்லை. தன் இடத்துக்கே 'ரேட்டில்ஸ்நேக்' என்று பெயர் வைத்து, அந்தப் பெயரில் ஒரு தபால் நிலையத்தையும் கொண்டுவந்தார். 1944இல் தன்னுடைய பாம்பு ஒன்று கடித்தே இறந்தார். தெற்கு டகோட்டாவில் ஏர்ல் பிராக்கெல்ஸ்பி, சுற்றுலா வழிகாட்டியாக இருந்த காலத்தில் தொப்பிக்கு அடியில் தலையில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பை வைத்துக்கொண்டு பேசுவாராம். பேச்சு முடிந்ததும் தொப்பியைக் கழற்றுவார், கூட்டம் அலறும். அந்த அலறலுக்கு விலை இருக்கிறது என்று புரிந்துகொண்டு 1937இல் ரேபிட் சிட்டி அருகே ஊர்வனத் தோட்டம் ஒன்றைத் திறந்தார். அது இன்றும் நடக்கிறது. புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸில் ராஸ் ஆலன் 1929இலேயே ஓர் ஊர்வன நிலையத்தைத் தொடங்கியிருந்தார். மேடையில் பாம்பின் பல்லிலிருந்து விஷம் வடித்துக் காட்டுவதும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷத்தை அனுப்புவதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தது.

ஆக, வேடிக்கையையும் விஷ வியாபாரத்தையும் சேர்த்து நடத்தியதில் ஹாஸ்ட் முதல் ஆள் இல்லை. அதை எல்லை வரை கொண்டுபோனவர் என்று சொல்லலாம்.

பள்ளியை விட்ட பையன்

வில்லியம் ஹாஸ்ட் 1910 டிசம்பர் 30 அன்று நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் பிறந்தார். சாரணர் முகாமுக்குப் போன இடத்தில் பாம்புப் பித்துப் பிடித்தது. பன்னிரண்டு வயது வாக்கில் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தது. அன்றைய வழக்கப்படி கடிவாயைக் கீறி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தேய்த்துக்கொண்டு முகாமுக்கு நடந்தே போனாராம். (இந்தக் கீறல் வைத்தியத்தை இன்று யாரும் செய்யக் கூடாது. விஷம் வெளியே வராது, ரத்தம்தான் நிற்காமல் போகும்.) அதே வருடம் காப்பர்ஹெட் என்ற இன்னொரு விரியன் கடித்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

முதல் பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா பயந்துபோய் மூன்று நாள் வீட்டை விட்டே போய்விட்டார் என்பது அந்தக் குடும்பத்துக் கதை. அப்புறம் அவரே இறங்கிவந்தார். பதினைந்து வயதில் பையன் விஷம் எடுக்கப் பழகினான். பதினாறில் பள்ளியை விட்டான். பத்தொன்பதில் சாலையோரப் பாம்புக் காட்சி நடத்திய ஒருவரோடு சேர்ந்து புளோரிடாவுக்குப் போனான்.

போன நேரம் சரியில்லை. பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்தது, காட்சி படுத்துவிட்டது. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் ஓரத்தில் திருட்டுச் சாராயம் விற்ற ஒருவருடைய வீட்டில் ஒண்டிக்கொண்டு, அந்தச் சதுப்பில் பாம்பு பிடித்துத் தேர்ந்தார் ஹாஸ்ட். சாராயக்காரரை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனதோடு அந்தப் பிழைப்பும் முடிந்தது. பிறகு விமான மெக்கானிக் வேலை படித்து, பான் ஆம் விமானக் கம்பெனியில் சேர்ந்து மியாமிக்கு வந்தார்.

பாம்பு மோகம் போனதா என்றால் இல்லை. போர்க் காலத்தில் ஃப்ளைட் எஞ்சினியராகத் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பறந்தார். திரும்பி வரும்போது கருவிப் பெட்டியில் பாம்பு வரும். கூட வேலை பார்த்தவர்கள் இதை ரசிக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மண்ணில் கிடைக்காத நாகங்கள் அவர் கைக்கு வந்தது இப்படித்தான். கிலுகிலுப்பைப் பாம்பை யார் வேண்டுமானாலும் காட்டலாம். படம் எடுத்து நிற்கும் நாகம் வைத்திருப்பவர் அபூர்வம். வேடிக்கைத் தொழிலில் இது பெரிய வித்தியாசம்.

கூடத்துக்குள் நடந்தது என்ன?

1946இல் வீட்டை விற்று, மியாமிக்குத் தெற்கே யு.எஸ். 1 நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் வாங்கினார். மனைவி ஆன் இதற்குச் சம்மதிக்கவில்லை, மணமுறிவில் முடிந்தது. மகன் அப்பாவோடு நின்றான். இரண்டாவது மனைவி கிளாரிட்டா தொழிலிலும் பங்காளி ஆனார். 1947 கடைசியில், கட்டட வேலை முடியாமலேயே மியாமி செர்பென்டேரியம் என்ற பாம்புக்கூடம் திறந்தது. முதல் ஐந்து வருடம் சம்பள ஆள் கிடையாது, இந்த மூன்று பேர்தான். மகனும் நான்கு கடிகளுக்குப் பிறகு ஆர்வம் விட்டுப் போய்விட்டான். வாசலில் 35 அடி உயரத்தில் படமெடுத்த நாகத்தின் கான்கிரீட் சிலை நின்றது. கீஸ் தீவுகளுக்குப் போகிற கார்க்காரர் கண்ணில் அது படாமல் போகாது.

1965 வாக்கில் அங்கே 400 கூண்டுகளில் 500க்கும் மேற்பட்ட பாம்புகள் இருந்தன. ஹாஸ்ட் ஒரு நாளைக்கு 70 முதல் 100 தடவை விஷம் எடுத்தார், சுமார் 60 இனங்களிலிருந்து. பெரும்பாலும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கண் முன்னால்.

பாம்பை மேசை மேல் விடுவார். அது நிமிரும், சீறும். ஒரு கையால் அதன் கவனத்தைத் திருப்பிவிட்டு மறு கையால் வெறுங்கையாகத் தலைக்குப் பின்னால் பிடிப்பார். மெல்லிய ரப்பர் சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியைப் பாம்பு கடிக்கும். விஷப்பல் சவ்வைத் துளைத்ததும் உள்ளே விஷம் வடியும். நாகத்தின் விஷம் மஞ்சளாக இருக்கும், சில பாம்புகளுடையது தண்ணீர் மாதிரி நிறமே இருக்காது. பார்ப்பவருக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் பணம் தரும் வேலை, விஷம் குப்பிக்குள் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஈரம் இருந்தால் விஷம் கெட்டுவிடும். அதனால் உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துத் தூளாக்குவார்கள். அந்தத் தூள் வருடக்கணக்கில் கெடாது. ஒரு கிராம் சேர்க்க எத்தனை பாம்பு வேண்டும் என்பது இனத்தைப் பொறுத்தது. ராஜநாகம் தாராளமாகக் கொடுக்கும், கட்டுவிரியன் சில மில்லிகிராம்தான்.

வாங்குபவர்களுக்கு வேண்டியது மூன்று விஷயம்: எந்தப் பாம்பின் விஷம் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது, கலப்படம் இருக்கக் கூடாது, கேட்டபோது கிடைக்க வேண்டும். ஓர் ஆய்வுக்கூடம் இதற்காக அறுபது இனப் பாம்புகளை வளர்க்க முடியாது, கட்டுப்படியாகாது. ஹாஸ்ட்டுக்குக் கட்டுப்படியானது. ஏனென்றால் பாம்புகளுக்குத் தீனி போட்டது சுற்றுலாப் பயணிகளின் டிக்கெட். வருடத்துக்கு சுமார் 50,000 பேர் வந்தார்கள். விஷத்துக்கு ஆர்டர் வராத மாதத்திலும் கூண்டு காலியாக வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கணக்குதான் அவரை அறிவியல் உலகத்துக்கு வேண்டியவர் ஆக்கியது. கடி எண்ணிக்கைக்கு அதில் பங்கு கிடையாது.

வெறுங்கையால் பிடித்ததற்கு அவர் ஒரு காரணம் சொல்லலாம்: கொக்கியும் இடுக்கியும் பாம்பைக் காயப்படுத்தும், கை மென்மையானது. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் கூட்டம் கண் கொட்டாமல் பார்த்தது அந்தக் கையைத்தான் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

சொந்த ரத்தம்

1948இல் நாக விஷத்தை நீர்த்துப்போகச் செய்து தனக்குத்தானே ஊசி போட ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. விஷமுறிவு மருந்து தயாரிக்கக் குதிரைக்குச் செய்வதும் இதேதான். சாகடிக்காத அளவில் விஷம் ஏற்றிக்கொண்டே வந்தால், உடம்பு அதை எதிர்க்கும் புரதங்களை உருவாக்கும். குதிரையின் ரத்தத்திலிருந்து அந்தப் புரதங்களைப் பிரித்துச் சுத்தப்படுத்தினால் அதுதான் ஊசி மருந்து. ஹாஸ்ட் குதிரையின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டார்.

பலன் இருந்தது. 1950களில் மட்டும் சுமார் இருபது தடவை நாகம் கடித்தது, பிழைத்தார். ஆனால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு குறுகலானது என்பதை 1954இல் ஒரு கட்டுவிரியன் காட்டியது. நம் ஊரில் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிற அதே இனம். கடித்த பிறகும் நாக விஷத்துக்குப் பழகிய உடம்புதானே என்று சில மணி நேரம் வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விஷம் ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேற சில நாள் ஆனது. இந்தியாவிலிருந்து மருந்து வரவழைத்தார்கள். 48 மணி நேரம் பறந்து வந்து சேர்ந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏன் இப்படி ஆனது? இரண்டு பாம்பின் விஷமும் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான பேச்சைத்தான் தடுக்கின்றன, ஆனால் இடம் வேறு. நாக விஷம் தசைப் பக்கம் செய்தி வாங்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் விஷத்தில் இதோடு, செய்தி அனுப்பும் நரம்பு நுனியையே சிதைக்கும் இன்னொரு நஞ்சும் இருக்கிறது. நாகத்துக்கென்று உடம்பு உருவாக்கிய புரதங்களுக்கு அது அடையாளம் தெரியாத ஆள். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நாகத்தின் குடும்பம்தான். உண்மையான விரியன்களின் விஷமோ முற்றிலும் வேறு, ரத்தத்தையும் திசுக்களையும் குலைப்பது. ஹாஸ்ட்டின் கைகளைப் பார்த்தாலே இது புரியும். உயிர் போகவில்லையே தவிர விரல்கள் கோணிக் குறுகிப்போயிருந்தன.

இன்னொருவரைக் காப்பாற்றத் தன் ரத்தத்தைக் கொடுத்த கதைகளும் உண்மைதான். சுமார் இருபது பேருக்கு அவருடைய ரத்தம் ஏற்றப்பட்டது. பாம்பு கடித்த ஒரு சிறுவனுக்காக வெனிசுவேலா வரை பறந்து போய் ரத்தம் கொடுத்தார், அந்த நாடு அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதனின் உடம்பிலிருந்து எவ்வளவு ரத்தம் எடுக்க முடியும்? ரத்த வகை பொருந்த வேண்டும், ஆள் விமானத்தில் வந்து சேர வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்கு சராசரியாக 58,000. அமெரிக்காவில் வருடத்துக்கு ஐந்து பேர் அளவில்தான். பாம்பைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ரசிக்கும் வசதி அந்த நாட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். வயலில் பாம்பை மிதிக்கிற ஊருக்கு ஹாஸ்ட்டின் ரத்தத்தை விட ஹாஸ்ட்டின் விஷத்தூள்தான் உதவும்.

மருந்தாகும் ஆசை

1949இல் மியாமி பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு நாக விஷம் கொடுக்க ஆரம்பித்தார் ஹாஸ்ட். போலியோவும் நரம்பைத் தாக்குகிறது, நாக விஷமும் அங்கேதான் போய் ஒட்டுகிறது. அப்படியானால் விஷம் கிருமிக்கு வழி மறிக்குமா என்பது கேள்வி. ஆரம்ப முடிவுகள் நம்பிக்கை தந்தன. 1955இல் சால்க்கின் போலியோ தடுப்பூசி வந்ததும் அந்த ஆராய்ச்சிக்குத் தேவையே இல்லாமல் போனது.

ஹாஸ்ட் மட்டும் அந்த யோசனையை விடவில்லை. 1970களில் மியாமி மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, விஷங்களைக் கலந்து செய்த ஒரு மருந்தை மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கலானார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகள் வந்தார்கள், பலர் குணம் தெரிகிறது என்றார்கள். தொலைக்காட்சியிலும் வந்தது, கூட்டம் இன்னும் பெருகியது. 1980இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை போட்டது. முறையான சோதனை நடத்தி நிரூபிக்கவில்லை என்பது காரணம்.

ஹாஸ்ட்டின் ரசிகர்கள் இதை அதிகார வர்க்கத்தின் அநியாயமாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய். எந்த மருந்து கொடுத்தாலும் சில மாதம் நன்றாக இருப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிடாமல் ஒன்றும் சொல்ல முடியாது. மேடையில் கைதட்டல் வாங்கிப் பழகிய ஒருவருக்கு, நேரில் வந்து நன்றி சொல்லும் நோயாளியை விடப் பெரிய சான்று தேவையில்லை என்று தோன்றியிருக்கலாம்.

விஷத்திலிருந்து மருந்து வரும் என்று அவர் நம்பியதில் தவறில்லை என்பதுதான் வேடிக்கை. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்து உருவான கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரைக்கு, இதே கட்டுப்பாட்டு அமைப்பு 1981இல் அனுமதி கொடுத்தது. ஒரு சிறு கிலுகிலுப்பைப் பாம்பின் விஷம் காட்டிய வழியில் வந்த எப்டிபைபடைடு, மாரடைப்புச் சிகிச்சையில் ரத்தம் உறைவதைத் தடுக்க 1998 முதல் பயன்படுகிறது. இரண்டிலும் விஷத்தை அப்படியே ஊசியில் ஏற்றவில்லை. அதிலிருந்த ஒரே ஒரு மூலக்கூறு செய்யும் வேலையைப் புரிந்துகொண்டு, அதைப் போல ஒன்றைச் செய்தார்கள். ஹாஸ்ட்டிடம் விஷம் இருந்தது, பொறுமையும் இருந்தது. அந்த வகை ஆய்வுக்கான கருவியும் படிப்பும் இல்லை.

1977 செப்டம்பர்

பாம்புக்கூடம் என்று பெயர் இருந்தாலும் அங்கே முதலைக் குழியும் இருந்தது. சாலையோரக் காட்சிக்கு அது ஒரு கட்டாயம், பெரிதாக ஏதாவது இருந்தால்தான் டிக்கெட் காசு செரிக்கும். 1977 செப்டம்பரில், பார்க்க வந்திருந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் குழிக்குள் விழுந்தான். பெரிய முதலை பிடித்துக்கொண்டது, பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. ஹாஸ்ட் மறுநாள் அந்த முதலையைத் தன் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்.

ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கிளர்ச்சியைத்தான் இந்தத் தொழில் விற்கிறது. எவ்வளவு பக்கத்தில் நிற்க விடுகிறார்களோ அவ்வளவு கூட்டம். ஹாஸ்ட் தன் கைகளைப் பணயம் வைத்தபோது அது அவர் விருப்பம். ஒரு சுவரின் உயரம் மட்டுமே குழந்தையைக் குழியிலிருந்து பிரிக்கும்போது, பணயம் வைக்கப்படுவது வேறொருவர். அந்தச் சாவுக்குப் பிறகு ஹாஸ்ட்டுக்குக் காட்சி நடத்துவதில் பிடிப்பு விட்டுப்போனது.

காலமும் மாறியிருந்தது. 1971 அக்டோபரில் ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. அதற்கு முன்பே அகலமான விரைவுச் சாலைகள் வந்து, பழைய நெடுஞ்சாலைகளின் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. அந்த வேகத்தில் போகிறவர் 35 அடி நாகத்துக்காக நிறுத்த மாட்டார். புளோரிடாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய காட்சிக் கூடங்கள் மூடப்பட்டன. செர்பென்டேரியம் 1984இல் மூடியது.

மெட்ராஸுக்கு வந்த வழி

1960களின் முற்பகுதியில் செர்பென்டேரியத்தில் வேலை பார்த்தவர்களில் ஓர் இளைஞர், ரோமுலஸ் விட்டேகர். 1943இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதில் இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானலில் பள்ளிப்படிப்பு முடித்தவர். கல்லூரிக்கென்று அமெரிக்கா போனவருக்கு வகுப்பறை ஒத்துவரவில்லை, ஹாஸ்ட்டிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு ராணுவத்தில் கட்டாயச் சேவை. 1967இல் இந்தியா திரும்பினார். 1969இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில் ஒரு சிறிய பாம்புப் பண்ணை. 1972இல் அது கிண்டிக்கு இடம் மாறியது. பள்ளிச் சுற்றுலாவில் கிண்டி பாம்புப் பண்ணையைப் பார்க்காத சென்னைப் பிள்ளைகள் குறைவு. 1976இல் மாமல்லபுரம் போகிற சாலையில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்ற கணக்கில், யு.எஸ். 1 சாலையில் ஹாஸ்ட் இடம் பிடித்த அதே புத்தி தெரிகிறது.

ஆனால் இங்கே பாம்பு பிடிக்க ஒரு நாயகன் தேவைப்படவில்லை, இருளர்கள் இருந்தார்கள். தடம் பார்த்து, வளையின் வாயைப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள். அதுவரை அவர்கள் பிடித்த பாம்புகள் தோல் வியாபாரத்துக்குப் போயின. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை ஒரே வெட்டாக வெட்டின. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. வனத்துறை அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிப்பார்கள். மண்பானையில் வைத்து வாயைத் துணியால் கட்டுவார்கள். வாரம் ஒரு தடவையாக நான்கு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி பிடிபட்டால் அந்த அடையாளமே சொல்லிவிடும். பல பத்தாண்டுகளாக இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. இங்கேயும் டிக்கெட் உண்டு, விஷம் எடுப்பதைப் பார்வையாளர்கள் பார்க்கலாம். டிக்கெட்டும் விஷமும் சேர்ந்து நடக்கும் அந்த மியாமி ஏற்பாடு இங்கே சங்கத்தின் கைக்கு மாறிவிட்டது.

அந்தச் சங்க மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017 ஜனவரியில் புளோரிடா பல்கலைக்கழகம் அழைத்துப் போனது. எவர்கிளேட்ஸில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் அங்கே போதவில்லை. முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள், அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கூட்டமில்லாத வருடங்கள்

1984க்குப் பிறகு ஹாஸ்ட் சில வருடம் யூட்டாவில் இருந்தார். 1990இல் மூன்றாவது மனைவி நான்சியோடும் பாம்புகளோடும் புளோரிடாவின் புண்டா கோர்டாவுக்குத் திரும்பினார். அங்கே தொடங்கியது வெறும் ஆய்வுக்கூடம்: டிக்கெட் இல்லை, சிலை இல்லை, பார்வையாளர் இல்லை. விஷம் எடுப்பது, உலர்த்துவது, அனுப்புவது. அதற்குள் விஷத்துக்கான சந்தை தன் காலில் நிற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது, அவருக்கும் பெயர் இருந்தது. 2003இல் மலேயா குழிவிரியன் ஒன்று கடித்ததில் ஆள்காட்டி விரலின் ஒரு பகுதி போனது. கைகள் ஏற்கெனவே பாழ், வயது 92. அத்தோடு விஷப் பாம்புகளைக் கையாளுவதை நிறுத்திக்கொண்டார்.

நூறு வயது வாழ்ந்ததற்கு விஷ ஊசிதான் காரணம் என்று அவர் நம்பினார். ஒரே ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவர் ரத்தம் பற்றிய யோசனை மட்டும் எதிர்பாராத விதத்தில் திரும்பி வந்திருக்கிறது. டிம் ஃபிரீட் என்ற இன்னொரு அமெரிக்கர், ஹாஸ்ட்டைப் போலவே பல்லாண்டு தனக்கு விஷம் ஏற்றிக்கொண்டவர். அவர் ரத்தத்திலிருந்து இரண்டு எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுத்து, அவற்றோடு ஒரு வேதிமருந்தையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025 மே மாதம் வெளியானது. நாகம், கட்டுவிரியன், மாம்பா அடங்கிய குடும்பத்தின் 19 இனங்களில் பெரும்பாலானவற்றின் விஷத்துக்கு முழுப் பாதுகாப்பும், மீதிக்கு ஓரளவும் கிடைத்தது. அந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டியதில்லை. அதிலிருந்த மரபுக் குறிப்பை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அளவு தயாரிக்கலாம். மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை, விரியன்களின் விஷம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. தஞ்சாவூர் வயலில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இன்றும் ஆஸ்பத்திரியில் போடுவது குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த அதே மருந்துதான். பத்துக் குப்பி வரை முதலிலேயே ஏற்ற வேண்டியிருக்கும்.